அப்பளப் பாட்டில் இல்லாத வெயில்

உங்கள் வீட்டில் கடைசியாக அப்பளம் இட்டது எந்த வருஷம்? பொரித்ததைக் கேட்கவில்லை, இட்டதைக் கேட்கிறேன். உளுந்தை அரைத்து, இடித்து, உருட்டி, தேய்த்து, மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைத்து, பக்கத்தில் ஒரு பிள்ளையைக் குச்சியோடு காவலுக்கு உட்காரவைத்து... ஞாபகம் வரவில்லை அல்லவா? குச்சி பிடித்த அந்தப் பிள்ளையே இந்நேரம் தாத்தாவாகியிருப்பார்.

இந்த வாரம் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெயரே அப்பளப் பாட்டுதான். எழுதியவர் ரமண மகரிஷி. அவருடைய 'உள்ளது நாற்பது', 'உபதேச உந்தியார்' பக்கமெல்லாம் நான் போகவில்லை. அதற்கான படிப்பு எனக்குக் கிடையாது. ஆனால் அப்பளம் சமையலறைச் சமாசாரம். அங்கே எனக்கும் கொஞ்சம் வாய் உண்டு.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1896-ல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்துவிட்ட மகனைத் தேடி அலைந்த அழகம்மாள், கடைசியில் 1916 வாக்கில் மகனோடேயே மலைமேல் தங்கிவிட்டார். துறவியின் அம்மா என்றாலும் அம்மா அம்மாதானே? எங்கெங்கோ கேட்டு உளுந்து மாவும் சாமான்களும் சேர்த்து அப்பளம் இட உட்கார்ந்தார். 'நீயும் கொஞ்சம் கை கொடேன்' என்று மகனைக் கூப்பிட்டார். மகன் கை கொடுக்கவில்லை. பதிலுக்கு ஒரு பாட்டுக் கட்டினார். அம்மா இட்டு முடித்தபோது பாட்டும் முடிந்திருந்தது. 'உன் அப்பளத்தை நீ சாப்பிடு, என் அப்பளத்தை நான் சாப்பிடுகிறேன்' என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். ஆசிரமத்து நூல்களில் வரும் கதை இது. பாட்டு 'ரமணர் நூற்றிரட்டில்' இருக்கிறது. சின்னப் பாட்டுதான். எடுத்துப் படித்துப்பாருங்கள்.

படித்தால் முதலில் ஒன்று தெரியும். எழுதியவருக்கு அப்பளம் இடும் முறை நன்றாகத் தெரிந்திருக்கிறது! வேதாந்தத்தைச் சொல்ல வந்தவர் சமையலைக் கோட்டை விடவில்லை. பாட்டு வயலில் ஆரம்பிக்கிறது. உடம்பு என்கிற வயலில் 'நான்' என்கிற உளுந்து விளைகிறது. அதை 'நான் யார்' என்கிற திரிகையில் போட்டு உடைத்துப் பொடியாக்க வேண்டும். அப்புறம் நல்லவர் சகவாசம் என்கிற பிரண்டைச் சாறு, அடக்கம் என்கிற சீரகம், மிளகு, பற்றறுப்பு என்கிற உப்பு, நல்ல வாசனை என்கிற பெருங்காயம். பிறகு உலக்கை. பிறகு பலகையும் குழவியும். கடைசியில் மௌனம் என்கிற பாத்திரத்தில், ஞானத் தீயில் காய்ந்த நெய்யில் பொரித்து எடுத்தால் ஆயிற்று.

உவமைகளை நீக்கிவிட்டுப் படித்தாலும் சமையல் குறிப்பு நிற்கிறது. இது லேசுப்பட்ட விஷயமில்லை. வீட்டு வேலையை உவமையாக எடுக்கிற முக்கால்வாசிப் பேர் வேலையைச் சரியாகப் பார்ப்பதே இல்லை. தறியைப் பாடினால் நூல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. மண்பானையைப் பாடினால் சூளை மறந்துபோகும். இங்கே உளுந்தை ஊறப்போடாமல் உலர்ந்தபடியே திரிகையில் அரைக்க வேண்டும் என்பது வரை சரியாக இருக்கிறது. பிரண்டை சேர்த்திருப்பதைப் பாருங்கள். அப்பளம் நன்றாகப் பொரிய வேண்டுமென்று சேர்ப்பது அது. இன்றைக்கு அந்த இடத்தில் அப்பளக்காரம் வந்துவிட்டது. பிரண்டையைப் பாட்டில் வைத்தவர், அதை வேலியிலிருந்து அறுத்துவந்து இடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, குறிப்பு இவ்வளவு சரியாக இருக்கிறதே, இதை வைத்தே அப்பளம் இட்டுப்பார்த்தால் என்ன என்று தோன்றியது. விமர்சகர்கள் செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

கந்தாசிரமம் மலையின் கிழக்குப் பக்கம், ஊரைப் பார்த்தபடி இருக்கிறது. நான் குடியிருப்பது அதற்கு நேர் பின்பக்கம், அடி அண்ணாமலையில். கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து கால் கெஞ்சும்போது ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் வருமே, அந்த ஊர். பௌர்ணமிக்குப் பாதை முழுக்கத் தலைகள். மற்ற நாளில் கோழிகள். எனக்குப் பக்கத்து வீட்டில் ஓர் ஆயா. கால் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமாக நிலம். மல்லாட்டை, கொஞ்சம் உளுந்து, வேலி ஓரமாக அவரை, புடலை, தானாக முளைத்த பப்பாளி. ஐந்து நாட்டுக்கோழிகள். கடையில் அவர் வாங்குவது உப்பு, எண்ணெய், தீப்பெட்டி, வெற்றிலை மாதிரி சில சாமான்கள்தான். அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது. 'தற்சார்பு வாழ்க்கை' என்கிற வார்த்தை அவருக்குத் தெரியாது.

"ஆயா, பெரண்டை வேணுமே."

"இன்னாத்துக்கு தம்பி? தொவையலுக்கா?"

"அப்பளத்துக்கு."

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடைல விக்குதே" என்றார். ஆனாலும் வேலியில் படர்ந்திருந்ததை அறுத்துக் கொடுத்தார். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார், பிரண்டை அரிக்கும். உளுந்து அவருடைய நிலத்தில் விளைந்தது. விதைத்து 70 நாளில் செடியைப் பிடுங்கி, களத்தில் காயவைத்து, தடியால் அடித்து, தூற்றி எடுத்தது. பாட்டில் 'விளைகிறது' என்ற ஒரே வார்த்தையில் முடிந்த சங்கதி. உவமைக்கு அது போதும், நான் குறை சொல்லவில்லை. முதுகு வலித்தது என்று மட்டும் சொல்கிறேன். நானும் இரண்டு நாள் பிடுங்கினேன்.

திரிகை ஆயா வீட்டுத் திண்ணையில் இருந்தது. உரலும் உலக்கையும் இருந்தன. பாட்டு சொன்னபடி எல்லாம் நடந்தது. ஓயாமல் இடிக்கச் சொல்கிறது பாட்டு. நான் ஓய்ந்தேன், ஆயா இடித்தார். அப்புறம் பலகையில் வைத்துத் தேய்ப்பது. இந்த இடத்தில்தான் பாட்டோடு எனக்கு முதல் தகராறு. அலுக்காமல், சந்தோஷமாகத் தேய்க்க வேண்டுமாம். பத்து அப்பளம் வரைக்கும் சரி. முப்பதாவதில் மணிக்கட்டு விட்டுப்போகிறது. நூறாவது அப்பளத்தைச் சந்தோஷமாகத் தேய்த்த பெண் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். பக்கத்தில் அம்மா தேய்த்துக்கொண்டிருக்க, இந்த அடியை மகன் எழுதியிருக்கிறார்! அம்மாவைப் பற்றிய அடி அல்ல அது, மனசைப் பற்றியது என்று தெரியும். இருந்தாலும் அம்மாவின் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

இரண்டாவது தகராறு பெரியது. தேய்த்து முடித்ததும் பாட்டு நேராக நெய்க்குப் போய்விடுகிறது. பொரிக்கிறது. சாப்பிடுகிறது.

வெயில் எங்கே?

திரும்பத் திரும்பப் படித்துப்பார்த்தேன். வயல் இருக்கிறது, திரிகை இருக்கிறது, உலக்கை, பலகை, பாத்திரம், தீ எல்லாம் இருக்கின்றன. காயவைப்பது மட்டும் இல்லை. ஈரத்தோடு போட்டால் அப்பளம் எண்ணெயைக் குடித்துவிட்டுத் தொய்ந்து கிடக்கும். வெயில் அதிகமானால் ஓரம் வெடிக்கும். குறைந்தால் டப்பாவில் பூஞ்சை. நிழலில் எவ்வளவு நேரம், வெயிலில் எவ்வளவு நேரம், எப்போது திருப்பிப் போடுவது என்பதில்தான் அப்பளக்காரியின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. அதோடு காக்கா. குரங்கு. எங்கள் ஊரில் கூடுதலாகக் கோழி.

ஆயாவின் கோழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அப்புறம் அடை உட்கார்ந்துவிடும்; 21 நாள் முட்டைப் பேச்சே கிடையாது. பிறகு குஞ்சுகளோடு திரியும். வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை தேறினால் பெரிசு. நாமக்கல் பண்ணைக் கோழி முன்னூறைத் தாண்டுகிறது. கணக்குப் போட்டால் நாட்டுக்கோழி நஷ்டம் மாதிரி தெரியும். ஆனால் தீனிக்கு ஆயா காசு செலவழிப்பதில்லை. சிந்தியது, சிதறியது, பூச்சி, புழு. 'சிந்தியது' என்பதற்குக் கோழியின் அகராதியில் எல்லை கிடையாது என்பதுதான் சிக்கல். பாயில் காய்கிற உளுந்தப்பளமும் அதற்குள் அடக்கம்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டோடு போய்விடும். போன வருஷம் அப்படித்தான் ஒன்பது கோழி போயிற்று. தடுப்பூசிக்குக் கொண்டுபோக ஆளில்லை என்றார் ஆயா. மகன் பெங்களூரில். இதையும் சேர்த்துத்தான் வீட்டில் கோழி வளர்ப்பது என்கிறோம். வேலையில் கண் உள்ள ஓர் ஆள் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை.

அப்பளம் இட்டு முடித்தபோது பாட்டும் முடிந்தது என்கிறதே கதை, அப்படியென்றால் காய்ந்தது அதற்குப் பிறகு. பாட்டு முடிந்த பின்னும் அழகம்மாளுக்கு வேலை முடியவில்லை. மலைமேல் குரங்குகளுக்குக் குறைவில்லை. யார் காவல் இருந்திருப்பார்? பாட்டு சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை.

வேதாந்தம் படித்த என் நண்பர் ஒருவர் இதற்குச் சிரித்தார். ஞானம் என்ன வற்றலா, காய நாள் எண்ணிக்கொண்டிருப்பதற்கு? 'நான்' பொடியான பிறகு காத்திருக்க யார் இருக்கிறார்கள் என்றார். நியாயமான பதில். பாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அங்கே வெயில் வரவே கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உவமை என்பது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய கண்ணாடி. அப்பளத்தைக் காட்டி ஞானத்தைச் சொன்னால், ஞானத்தைப் படித்துவிட்டு அப்பளத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வாசகனுக்கு உரிமை உண்டு.

செங்கோட்டை ஆவுடை அக்காளின் வேதாந்தப் பாடல்களை நெல்லைப் பக்கத்துப் பெண்கள் வேலையோடு வேலையாகப் பாடிவந்தார்கள். அங்கே பாட்டும் கையும் ஒரே ஆளுடையவை. இங்கே பாட்டு ஒருவர், கை ஒருவர். இந்தக் கைக்குக் கூலி என்று ஒன்று போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்த லிஜ்ஜத் பப்படம். உறுப்பினர் பெண்கள் மாவை வாங்கிப்போய் வீட்டில் தேய்த்து, காயவைத்துத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். காயவைப்பதற்கும் சேர்த்துத்தான் காசு.

ஆயாவிடம் பாட்டின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மாவ இடிக்க உட்டுட்டு பாட்டு கட்னாரா?" என்றார். கோபமில்லை. கேள்விதான்.

எனக்கும் அதோடு முடித்துவிட மனசு வரவில்லை. ஏனென்றால் கதை அதோடு முடியவில்லை. 1922 மே மாதம் அழகம்மாள் போய்ச்சேர்ந்தார். அவர் சமாதிக்குப் பக்கத்திலேயே அந்த வருஷக் கடைசியில் ரமணர் இறங்கி வந்தார். ஆசிரமம் வளர்ந்தது அங்கேதான். அதன்பின் வருஷக்கணக்காக அவர் இருட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனார். காய் நறுக்கினார். சட்னி அரைத்தார். சமையலுக்கு வந்த பெண்களுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். சம்பூரணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால், ஞானி ஒருவரைப் பற்றிப் படிக்கிறோமா, கண்டிப்பான சமையல்காரரைப் பற்றியா என்று சந்தேகம் வரும். கீரை என்றால் இலை பொரியலுக்கு, தண்டு சாம்பாருக்கு, வேரையும் கழுவி நசுக்கிச் சாறு ரசத்துக்கு. எதையும் எறியக்கூடாது.

அப்பளப் பாட்டை இந்தப் பிற்கால வருஷங்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாகப் படித்தால் கெட்டிக்கார மகனின் சாமர்த்தியமான பாட்டு. வேலையிலிருந்து நழுவிய பாட்டு என்றுகூட ஒருவர் சொல்லலாம். அன்று கொடுக்காத கையைப் பிற்பாடு தினமும் கொடுத்தாரே, அதைத் தெரிந்துகொண்டு படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. அம்மாவுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

இதையெல்லாம் ஆயாவிடம் சொல்லவில்லை. "பின்னாடி அவரே சமைச்சாரு ஆயா" என்று மட்டும் சொன்னேன். "எத்தினி பேருக்கு?" என்று கேட்டார். "வந்தவங்க எல்லாருக்கும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நாங்கள் இட்டது எழுபத்திரண்டு. மாடியில் காயவைத்துவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்த நேரத்தில் கோழிகள் ஏறிவிட்டன. படி ஏறும் கோழியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மிஞ்சியது முப்பத்தொன்று, அதில் பாதியில் மூன்று விரல் தடம். நெய்யில் அல்ல, மல்லாட்டை எண்ணெயில் பொரித்தோம். நன்றாகவே பொரிந்தது.

உளுந்து இன்னும் இரண்டு படி இருக்கிறது. இந்த வாரம் மேகமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வரை கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைப்பதாக ஆயா சொல்லியிருக்கிறார். காக்காவுக்கு நான்.