கள்ளும் வாழ்த்தும்

தமிழில் குடிவாழ்த்து இல்லை. ஆகவே தமிழர்க்குக் குடியில் ஒழுங்கும் இல்லை என்பார் உளர். மலாக்காவில் சீனர் திருமண விருந்திற்குச் சென்று, கிண்ணம் உயர்த்தி அவர்கள் நீட்டி முழக்கும் ‘யாம் செங்’ ஒலியைக் கேட்டுத் திரும்பும் தமிழர்க்கு இவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆயினும் இக்கூற்றின் முற்பகுதி பாதி உண்மை. பிற்பகுதி முழுப் பிழை.

கொரியரை நோக்குக. அவர்கள் சொல்லும் ‘கொன்பே’ சீனத்திலிருந்து சென்ற சொல். கிண்ணத்தை வறிதாக்குக என்பது பொருள். சப்பானியரின் ‘கன்பாய்’ என்பதும் அதுவே. சொல் இரவல், ஒழுக்கமோ அவர்களுடையது. மூத்தவர் ஊற்றுவதை இரு கையாலும் ஏற்பர்; அவர்முன் பருகுங்கால் முகத்தைப் பக்கம் திருப்புவர்; தம் கிண்ணத்தில் தாமே ஊற்றிக்கொள்ளார். உண்ணல் வினைக்கும் மூத்தோர்க்கென வேறு சொல் உண்டு. யார் யார்க்கு ஊற்றுகிறார் என்பதிலேயே மரியாதை நிற்கிறது.

அவ்வாறு நோக்கின் புறநானூறு வேறாகத் தோன்றும். அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய 235-ஆம் பாட்டில், கள் சிறிதாயின் அவன் அதனைப் புலவர்க்கே ஈந்தான். மிகுதியாயின் அவர் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்டான். இது பகிர்வின் இலக்கணம். 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் தந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க நாளும் மகிழ்ந்து வாழ்க எனப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இது குடிவாழ்த்து அன்றெனின் வேறு எது? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததனால் இவ்வழக்கு இல்லையென்று ஆகிவிடாது.

பின்னர் அது எங்கே போயிற்று? தோட்டத்துக் கள்ளுக்கடையைக் கேட்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பெற்ற கூலியின் ஒரு பகுதி அக்கடைக்கே சென்றது. 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளரே அதனை மூடக் கோரினர். காசுக்கு வாங்கும் கள்ளில் ஈவோனும் இல்லை, ஏற்போனும் இல்லை, வாழ்த்துக்கு இடமேது? கடையில் மாமனைக் கண்ட மருமகன் பின்புறமாய் நழுவுவான். கொரியன் முகத்தைத் திருப்புகிறான். தோட்டத் தமிழன் உடம்பையே திருப்பினான்!

முனியாண்டி படையலில் மட்டும் பழைய முறை தங்கிற்று. சாராயமும் சுருட்டும் சாமிக்கு வைத்து, வேண்டுதலை வாய்விட்டுச் சொன்ன பின்னரே மற்றவர்க்குப் பங்கு. நகரத்து விருந்துகளில் ‘சியர்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் ஆக்க முனைவோர் இதனைக் காணத் தவறுகின்றனர். ‘வாழ்க’ என்ற சொல் நம்மிடம் உண்டு. அதை ஊற்றுபவர் சொல்ல வேண்டும், குடிப்பவர் அன்று.