கலப்பை பிடித்த வைக்கிங்

பழிவாங்கும் கதைக்கு ஒரு வசதி உண்டு: எதிரி உயிரோடு இருக்கும்வரை அது தானாக ஓடும். 2019இல் வந்த ‘வின்லாண்ட் சாகா’ அனிமேயின் முதல் சீசன் அப்படித்தான் ஓடியது. அப்பாவின் சாவுக்குக் காரணமான ஆஸ்கெலாடை வீழ்த்தியே தீருவேன் என்று குத்துவாளோடு அலைகிறான் தோர்ஃபின். கடைசியில் ஆஸ்கெலாட் இளவரசன் கனூட்டின் கையால் சாகிறான். பழியும் போய், வாழக் காரணமும் போன அந்த இளைஞனை 2023இல் வந்த இரண்டாவது சீசன் அடிமையாக ஒரு பண்ணையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இடம் தென் ஜுட்லாந்து, முதலாளி பெயர் கேட்டில். காட்டை அழித்துக் கழனியாக்கி, கோதுமை விளைவித்து, விற்ற காசில் தன்னையே மீட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

சண்டை பார்க்க வந்தவருக்கு இது ஏமாற்றம்தான். தயாரிப்பு விட் ஸ்டுடியோவிடமிருந்து மாப்பாவுக்குக் கைமாறினாலும் இயக்குநர் ஷுஹெய் யாபுதா மாறவில்லை. ஆகவே இந்த நிதானம் தெரிந்தே எடுத்த முடிவு. மரத்தை வெட்டிச் சாய்ப்பது சுலபம், அடிக்கட்டையை வேரோடு பெயர்ப்பதுதான் வேலை என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. தோர்ஃபினும் இன்னொரு அடிமையான எய்னாரும் சுற்றித் தோண்டுகிறார்கள், கயிறு கட்டி இழுக்கிறார்கள்; கட்டை அசைவதில்லை. பண்ணையாட்களிடம் குதிரை கேட்டால் கேலிதான் கிடைக்கிறது. தனியே வாழும் ஸ்வெர்கெல் கிழவர், தம் வேலைகளைச் செய்து கொடுத்தால் குதிரை தருகிறேன் என்கிறார். இப்படி ஒவ்வொரு அங்குலமாகச் சேர்த்த பயிரைப் பொறாமைக்காரர்கள் நாசமாக்கும்போது, முதல் சீசனின் எந்தப் போர்க்களத்திலும் வராத கோபம் நமக்கு வருகிறது. நாற்று என்ன விலை என்று அதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

தோர்ஃபினின் கனவு இந்த சீசனின் சிகரம். செத்த வீரர்கள் ஓயாமல் வெட்டிக்கொள்ளும் பாதாளம். அவன் கொன்றவர்கள் அவன் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். அங்கே ஆஸ்கெலாட் அவனைத் தேற்றவுமில்லை, மன்னிக்கவுமில்லை. சுமந்துகொண்டே மேலே ஏறு என்று விரட்டுகிறான். முதல் சீசன் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த குரலை யூட்டோ உஎமுரா இங்கே கிட்டத்தட்ட முணுமுணுப்பாக அடக்கியிருக்கிறார். குற்றவுணர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான குரல் இல்லை.

ஜெர்மனியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் கதை ஒன்றும் தூரதேசத்துக் கதை அல்ல. ஜுட்லாந்து தீபகற்பத்தின் அடிப்பகுதியில், ஷ்லெஸ்விக் நகரத்தருகே, கனூட் காலத்தில் டேனியத் துறைமுகமாக இருந்த ஹைதாபு இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அரைவட்ட மண்கோட்டை இன்றும் நிற்கிறது. அங்கே அகழ்ந்தெடுத்தவற்றில் இரும்பு விலங்கும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பேராயர் ரிம்பெர்ட் தம் குதிரையைக் கொடுத்து ஓர் அடிமைப் பெண்ணை இங்கே மீட்டதாக அவருடைய வரலாறு சொல்கிறது. மனிதருக்கு விலை வைத்த பொருளாதாரத்தை மூல மங்கா ஆசிரியர் மகோட்டோ யுகிமுரா மிகைப்படுத்தவில்லை. கோதுமைதான் கொஞ்சம் இடிக்கிறது. அந்த மண்ணில் அப்போது பார்லியும் கம்புக்கோதுமை என்கிற ரையும்தான் பெரும்பயிர். கனூட் தன் அண்ணன் ஹரால்டை விஷம் வைத்துக் கொல்வதும் கற்பனையே.

கேட்டில் பாத்திரம் அபாரம். வயிறாரச் சோறு போடுகிறார், அடிப்பதில்லை, விடுதலைக்கு வழியும் காட்டுகிறார். தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாள் கதைகள் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த ‘நல்ல முதலாளி’ நன்றாகவே பழக்கம். அவருடைய நல்லதனம் தன் சொத்து கைவிட்டுப் போகாதவரைதான். அடிமைப்பெண் ஆர்ன்ஹெய்ட் தன் பழைய கணவனோடு போக முயன்றாள் என்று தெரிந்ததும், கர்ப்பிணி என்றும் பாராமல் அடித்து நொறுக்குகிறார், அவள் பிழைக்கவில்லை.

குறையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆர்ன்ஹெய்டுக்கென்று ஒரு ஆசை, ஒரு குறும்பு, ஒரு பிடிவாதம் எதையும் கதை தரவில்லை. அவள் துயரம் தோர்ஃபின், எய்னார் என்ற இரண்டு ஆண்களின் தீர்மானத்துக்கு எரிபொருளாகிறது. இப்போது அரசனாகிவிட்ட கனூட்டும் பல எபிசோடுகள் காணாமல் போய், அப்பாவின் வெட்டுண்ட தலையோடு பேசிக்கொண்டு திடீரென்று திரும்புகிறான். இங்கிலாந்தில் நிறுத்திய படைக்குச் செலவு, அதற்காகப் பண்ணைகளைப் பறிப்பது என்ற அவன் கணக்கு கச்சிதமானது. ஆனால் அதைத் தோர்ஃபினின் ஒரு உரையாடல் கலைத்துவிடுகிறது. அரசனைப் பார்க்க அவன் 100 குத்துகளை எதிர்க்காமல் வாங்கி நிற்பது ஒரு துறவியின் புராணம்போல் இருக்கிறது; இத்தனை நேரம் மண்ணும் வியர்வையுமாக இருந்த படம் சட்டென்று மேடையேறிவிடுகிறது. சமாதானத்தை உழைப்பாகக் காட்டும்போது நம்புகிறோம். வசனமாகச் சொல்லும்போது தலையாட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஆனாலும் முதல் சீசன் செய்யாத ஒன்றை இது செய்கிறது. இதை முடித்துவிட்டு அதை மறுபடி பாருங்கள். கொள்ளைக் காட்சிகளில் முன்பு தோர்ஃபினின் கத்தி வேகத்தை ரசித்த கண், இப்போது விழுகிறவனைப் பார்க்கிறது. அவனுக்கும் ஒரு நிலமும் அறுக்காத பயிரும் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது. தனக்கு முந்தைய கதையையே திருத்தி வாசிக்க வைக்கும் தொடர்ச்சிகள் அரிது. அந்த ஒன்றுக்காகவே இதன் சறுக்கல்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.