சண்டை போட இடமில்லாத வீடு

திருக்குறளில் நட்பு பற்றிய அதிகாரங்கள் நிற்கும் வரிசை எனக்கு நெடுநாளாக ஒரு புதிர். 81-ஆவது அதிகாரம் பழைமை. பழகியவன் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது. அதற்கு அடுத்ததே 82, தீ நட்பு. விட்டு விலகச் சொல்வது. பொறுப்பது எங்கே முடிகிறது, விலகுவது எங்கே ஆரம்பிக்கிறது என்கிற எல்லையை வள்ளுவர் நம்மிடமே விட்டுவிட்டார். உறவு விஷயம் இன்னும் சிக்கல். 53-ஆவது அதிகாரம் சுற்றத்தைத் தழுவிக்கொள்ளச் சொல்கிறது. 89-ஆவதான உட்பகையில் உறவினன் உள்ளிருந்து கெடுப்பதைப் பற்றி எச்சரிக்கை வருகிறது. ஆனால் அது ஆள்கிறவனுக்குச் சொன்ன புத்தி. சாதாரண மனிதன் தன்னை வளர்த்தவர்களை, தன்னோடு வாழ்கிறவர்களை எப்போது விட்டு வெளியேறலாம்?

நீதிநூல் விட்ட இடத்தை இலக்கியம்தான் நிரப்ப வேண்டும். தமிழில் அதை நேர்மையாகச் செய்த புஸ்தகம் 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ என்பது என் அபிப்பிராயம். பாமா விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர். ஏழை தலித் பிள்ளைகளுக்குப் பணி செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு வருஷம் இருந்துவிட்டு, கையில் காசும் வேலையும் இல்லாமல் வெளியே வந்தார். வந்தபின் எழுதியது இது.

இதை ஜாதிக் கொடுமையின் சாட்சியம் என்று சொல்லிப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அது சரிதான், ஆனால் போதாது. புஸ்தகத்துக்குள் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று ஊர், இன்னொன்று மடம். எது அதிகம் காயப்படுத்துகிறது என்று கணக்குப் பார்த்தால் ஊர்தான். அங்கே பசி இருக்கிறது. கல்லறை நிலத்துக்காகத் தகராறு வருகிறது. போலீஸ் தெருவுக்குள் புகுந்து அடிக்கிறது. நாயக்கர் வீட்டில் மீந்த சோற்றைப் பாட்டி கையேந்தி வாங்கி வருகிறாள். ஏன் என்று பேத்தி கேட்டால், அவர்கள்தானே நமக்குப் படி அளக்கிறவர்கள் என்று நியாயம் சொல்கிறாள். மடத்திலோ நல்ல சாப்பாடு, படுக்கை, பாதுகாப்பு எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் பாமா அறுத்துக்கொண்டது மடத்தைத்தான். ஊரை அவரால் விட முடியவில்லை.

ஏன்? பட்ட காயத்தின் அளவு இங்கே அளவுகோல் அல்ல என்றுதான் நான் படிக்கிறேன். ஊரில் சண்டை போடலாம். பாட்டியை எதிர்த்துக் கேட்கலாம். தெருவில் நின்று கத்தலாம். அதற்குப் பிறகும் சோறு கிடைக்கும், பேச்சு இருக்கும். மடத்தில் கீழ்ப்படிதல் ஒரு விரதம். அங்கே தாய் என்கிறார்கள், சகோதரி என்கிறார்கள். உறவுப் பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் நாம் யாருக்காக இங்கே வந்தோம், யார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம் என்று கேட்டால் கேட்டவள்தான் குற்றவாளி. சண்டை போட இடமில்லாத வீட்டில் ஒருத்தி பொய்யாகத்தான் வாழ முடியும். பாமா விலகியது அந்தப் பொய்யிலிருந்து.

இந்த அளவுகோலை 1994-இல் வந்த அவருடைய ‘சங்கதி’யில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதில் ராக்கம்மா அடிக்கிற புருஷனைத் தெருவுக்கு இழுத்து, காது கூசும் வார்த்தைகளால் வைகிறாள். நாகரிக வாசகன் முகம் சுளிப்பான். ஆனால் அந்தச் சத்தம்தான் அவள் உடம்புக்குக் கவசம். மாரியம்மாவுக்கு அந்தக் கவசமும் இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் பழி சுமந்து, தினம் அடிக்கிறவனோடேயே வாழ்கிறாள். வேறொருத்தியோடு இருந்துகொண்டு, நினைத்தபோது வந்துபோகிற தகப்பன் மைக்கண்ணிக்கு. அம்மா பிள்ளை பெற்றுக் கிடக்கும்போதெல்லாம் இந்தச் சிறுமி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வீட்டுக்குச் சோறு போடுகிறாள். சிவகாசிப் பக்கத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது கதையாகப் படாது.

இங்கேதான் ‘உறவை அறுத்துவிடு’ என்கிற புத்திமதி எவ்வளவு சுலபமானது என்று தெரிகிறது. அறுப்பதற்கு ஒரு கூலி வேண்டும், ஒரு கூரை வேண்டும், தங்கைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். பாமாவுக்குப் படிப்பு இருந்தது. ஆசிரியை வேலை பார்த்த அனுபவம் இருந்தது. மைக்கண்ணிக்கு இருந்தது தீக்குச்சிதான். விலகலாமா என்று யோசிப்பதே எல்லோருக்கும் வாய்க்கிற சங்கதி அல்ல. இதைப் பாமா எங்கும் உபதேசமாகச் சொல்வதில்லை. இரண்டு புஸ்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது தானே தெரிய வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. ‘கருக்கு’வின் மடத்துப் பகுதிகளில் முகங்கள் குறைவு. பாட்டிக்குக் குரல் இருக்கிறது, கை இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. கன்னியாஸ்திரீகள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள். தீர்ப்பு நம் காதில் விழுகிறது. வழக்கை நாம் பார்ப்பதில்லை. அவர்களில் ஒருத்தியாவது பாமா நேசித்தவளாக, விட்டுவர மனமில்லாதவளாக வந்திருந்தால் அந்தப் பிரிவின் விலை வாசகனுக்குத் தெரிந்திருக்கும். நேசமில்லாத இடத்தைவிட்டுப் போவதில் கதை இல்லை. நாவல் எழுதுகிறவன் கண்ணுக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

கருக்கு என்பது பனைமட்டையின் ஓரம். இரண்டு பக்கமும் ரம்பம். எந்தப் பக்கம் பிடித்தாலும் கை கிழியும். புஸ்தகம் வந்த பிறகு நடந்தது அதற்கு ஏற்ற உதாரணம். தங்கள் வாழ்க்கையை அச்சில் ஏற்றிவிட்டாள் என்று ஊர்க்காரர்கள் கோபித்தார்கள். சில மாதங்கள் பாமாவால் ஊருக்குள் போக முடியவில்லை. மடத்தை அறுத்துக்கொண்டு வந்தவரை ஊர் அறுத்துவிடப் பார்த்தது. பிறகு கோபம் தணிந்து, அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. ஊர் கோபித்ததற்குக் காரணம், அவர் எழுதியது தன்னைப் பற்றி என்று அதற்குத் தெரிந்ததுதான். கோபித்துக்கொள்ளவாவது செய்கிறவர்களிடம் திரும்பிப் போக வழி இருக்கிறது.