கருப்பும் அச்சமும்: ‘விடாது கருப்பு’ தொடரில் மறைபொருளின் இடம்

தொலைக்காட்சித் தொடரை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என வினவுவார் உளர். கதைப்பாடலையும் தெருக்கூத்தையும் ஒரு காலத்தில் இவ்வாறே புறத்தே நிறுத்தியிருந்தோம் என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்வோம்.

இந்திரா சௌந்தர்ராஜன் கதையெழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்மதேசம்’ வரிசையில் வழங்கிய ‘விடாது கருப்பு’ 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தோட்டக்காரமங்கலம் என்னும் ஊரில் தவறு செய்தோர் ஒருவர்பின் ஒருவராய் மாள்கின்றனர். வெண்புரவி ஏறிவரும் கருப்புசாமியே அவரைத் தண்டித்தது என ஊரார் நம்புகின்றனர். ஒரு சிறுவனின் இளமைக் காலமும் பின்னைய காலமும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன.

அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை ஒளிபரப்பான ‘டார்க் ஷேடோஸ்’ தொடரில் மறைபொருள் ஒரு குடும்பத்தின் பழைய மாளிகையைச் சூழ்ந்தே கிடக்கிறது. அங்கே கொடியவனாகப் புகுந்த பர்னபாஸ் நாளடைவில் காண்போர் இரக்கத்துக்கு உரியவனாகிறான். நம் தொடரிலோ ஊர் முழுவதுமே மாளிகை. ஒருவர்மேல் வைத்த ஐயம் அடுத்தவர்மேல் தாவுங்கால், நேற்று நாம் வெறுத்தவரை இன்று நோக்கும் பார்வையும் மாறுகின்றது.

அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கனைக் கூறுவார். இந்நான்கும் ஓருருவில் திரண்டமையே இத்தொடரின் ஆற்றல் என்பது நம் கருத்து. கருப்பு அணங்கு, அதன் வரவை அறிவிப்பது குதிரை, இருளில் முகம் மறைத்து வருதலின் கள்வன், குற்றம் கண்டு ஒறுத்தலின் இறை. எனவே காண்போன் எதனை அஞ்சுகிறான் என்பதை அவனே பிரித்தறிய மாட்டான்.

முடிவில் மறைபொருள் அவிழ்கிறது. பிளவுபட்ட மனமே இதற்கெல்லாம் காரணம் என உளவியல் விளக்கம் தரப்படுகிறது. அம்மனம் யாருடையது என்பதைத் தொடரைக் காணாதார் பொருட்டு ஈண்டுச் சுட்டாது விடுகிறோம். இவ்விளக்கம் அச்சத்தைக் கொன்றுவிட்டது என்று நண்பர் சிலர் குறை கூறுவர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் கருத்தை மாற்றியவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர். அவர் தந்தையார் மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அங்குள்ள தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர். தொடர் முடிந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும், கொலை செய்த ஆளைச் சொல்லுங்கால் ‘அது’ என்றும், கருப்பைச் சொல்லுங்கால் ‘அவர்’ என்றும் வேறுபடுத்தியே பேசுவாராம். உளவியல் தந்த விடை கொலைக்கேயன்றிக் கருப்புக்கு அன்று என்பதை அவர் நம்மினும் தெளிவாக உணர்ந்திருந்தார்.

நால்வகையுள் அணங்கும் விலங்கும் கள்வரும் விளக்கத்தால் நீங்குகின்றன, இறை நீங்கவில்லை. மாண்டோர் செய்த குற்றங்கள் மெய். அவற்றைத் தட்டிக்கேட்க ஊரில் எவரும் இல்லாதிருந்ததும் மெய். அவ்வெற்றிடத்தை மருத்துவர் நிரப்ப இயலாது. எனினும் ஒரு குறை உண்டு. இறுதிப் பகுதிகளில் மருத்துவ விளக்கம் வகுப்பறைப் பாடம்போல் நீளுகின்றது. ஊர்மக்கள் வாய்மூடிக் கேட்கும் கூட்டமாகிவிடுகின்றனர். தம் தெய்வத்தின் பெயரால் கொலை நிகழ்ந்ததை அறிந்த ஊர், மறுநாள் அக்கோயில் வாயிலில் எவ்வாறு நின்றது? அக்காட்சியைத் தொடர் நமக்குப் போதிய அளவு காட்டவில்லை.