காதுகுத்தும் இசைவும்: ‘பூனாச்சி’ நாவலும் அந்தரங்க உரிமைச் சட்டமும்

‘மாதொருபாகன்’ வழக்கில் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்த ஒன்பது நீதிபதிகளுள் அவரும் ஒருவர். தொழில்நுட்பத்தின் துணையால் அரசும் தனியார் நிறுவனங்களும் மனிதரைப் பற்றித் திரட்டும் தகவல்களை அவரது தனித் தீர்ப்புரை விரிவாக ஆராய்கிறது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் வெளிவந்தது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (காலச்சுவடு, 2016).

கொங்குப் பகுதியின் மேட்டாங்காட்டை நினைவூட்டும் நிலத்தில், ஒவ்வொரு ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி அடையாளமிட வேண்டும் என்பது இந்நாவலின் ஆட்சி விதி. கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். குட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவள் விடை சொல்லியாக வேண்டும். அதன் கறுப்பு நிறமே ஐயத்திற்குரியதாகிறது. காதுகுத்து கொங்கு வீடுகளில் தாய்மாமன் மடியில் நிகழும் சடங்கு. பேச்சு வழக்கிலோ ‘காது குத்துதல்’ ஏமாற்றுதலையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஆசிரியர் அருகருகே வைத்துவிட்டு விளக்காமல் நகர்ந்துவிடுகிறார்.

இப்பகுதியை ஆதாரின் உருவகமாக மட்டும் வாசிப்பது எளிது, ஆனால் போதாது. நாவலில் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஊசியும் பதிவேடும் வரிசையும் மட்டுமே உள்ளன. (கால்நடைகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை பொருத்தும் ‘பசு ஆதார்’ இன்று நடைமுறையில் இருப்பதால், உருவகம் என்ற சொல்லே சற்றுத் தடுமாறுகிறது.) கருவி எதுவாயினும், பதியாவிட்டால் வாழ்வாதாரம் இல்லை என்னும் நிலையில் ஒருவர் தரும் இசைவுக்கு என்ன பொருள் என்பதே நாவல் எழுப்பும் வினா.

சட்டம் இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது 2018 செப்டம்பர் 26 அன்றுதான். ஆதார் வழக்கில் நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த பிரிவு 57-ஐப் பெருமளவில் நீக்கியது; கைப்பேசி இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றாயிற்று. மானியங்களுக்கும் நலத்திட்டங்களுக்கும் ஆதாரைக் கோரும் பிரிவு 7 மட்டும் நிலைத்தது. சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். விளைவாக வங்கி வாடிக்கையாளர் வரிசையிலிருந்து விடுபட்டார். அரிசி வாங்க வருபவர் விடுபடவில்லை. கிழவி நிற்பது இந்த இரண்டாவது வரிசையில்.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே தடத்தில் செல்கிறது. இசைவு கட்டற்றதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று பிரிவு 6 அழகாக வரையறுக்கிறது. அடுத்த பிரிவே, மானியமும் சான்றிதழும் வழங்கும் அரசுக்குச் சில சூழல்களில் அத்தகைய இசைவு பெறாமலே தரவைக் கையாள வழிவிடுகிறது. பிரிவு 17-இன்படி, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது.

நாவலின் பிற்பகுதியில் ஆட்சி பெரிதும் பின்வாங்கிவிடுகிறது. பூவன் மீதான காதல், ஈற்று, பஞ்சம் எனக் கதை வேறு திசையில் நகர்கிறது. அடையாளமிடல் குறித்த விமர்சனம் பாதியில் கைவிடப்பட்டதாகத் தோன்றலாம். அவ்வாறு கொள்வதற்கில்லை. உடல்மீதும் குடும்பத்தின்மீதும் தானே முடிவெடுக்கும் உரிமையும் அந்தரங்கத்துள் அடங்கும் என்பது புட்டசாமி தீர்ப்பின் மையக் கருத்து. பிற்பகுதி காட்டுவது அவ்வுரிமையின் முழு இழப்பையே. கிடாய்க்குட்டிகள் காயடிக்கப்படுகின்றன, பூனாச்சி யாருடன் சேர வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கின்றனர், அவள் குட்டிகள் விற்கப்படுகின்றன. ஏழு குட்டிகளை ஈன்றதும் அவள் வியப்புப் பொருளாகிறாள். இவற்றைச் செய்வது ஆட்சியன்று, அவளைப் பாலூட்டி வளர்த்த அதே வீடு. அதிகாரியிடம் அவளுக்காக விடை சொன்ன கிழவியே இங்கும் அவளுக்காக முடிவெடுக்கிறாள். சிறார் சார்பில் பெற்றோரும், மாற்றுத்திறனாளிகள் சிலர் சார்பில் பாதுகாவலரும் தரும் இசைவைச் சட்டம் செல்லத்தக்கதாக ஏற்கிறது; அவ்விசைவு அவரது விருப்பத்துக்கு மாறாக அமையும்போது என்ன செய்வது என்பதற்குப் பிரிவு 9-இல் தெளிவான விடை இல்லை.