கரை பிசகாத கெபாயா

1947 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்குப் பறக்கத் தொடங்கிய அந்த விமானத்தில் ஐந்து பயணிகள் உட்காரலாம். ஏர்ஸ்பீட் கான்சல் என்று பெயர், இரண்டு எஞ்சின். பணிப்பெண் கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒரு பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர் வைத்திருப்பார்கள். வேண்டியவர்கள் ஊற்றிக் குடித்துக்கொள்ளலாம். மலையன் ஏர்வேஸ் என்ற அந்தச் சின்னக் கம்பெனிதான் பிற்பாடு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆயிற்று. அதன் வரலாற்றில் பெரிய பெரிய செய்திகள் எத்தனையோ உண்டு. எனக்கு அந்த பிளாஸ்க்தான் முதலில் நினைவுக்கு வரும். மலாயா வெயிலில் வந்து ஏறுகிறவருக்குத் தாகம் எடுக்குமே என்று, அவர் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த வளர்ச்சிக்கெல்லாம் விதை அதுதான் என்று நம்புகிறேன்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்களுக்குச் சிங்கப்பூர் என்றால் கப்பல்தான். 1926இல் கட்டிய ரஜூலாவில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறினால், பினாங்கைத் தொட்டுப் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையில் இரவு விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சாங்கியில் இறங்குகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேற வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தூரம் எப்படிச் சுருங்கியது என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

எல்லைக்கோடு பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன திருத்தணி, ம.பொ.சி. போன்றோர் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தது. அதனால் மலையன் ஏர்வேஸின் வழிவந்து, மலேசியாவும் சிங்கப்பூரும் கூட்டாக நடத்திய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிரிந்த கதையை நாங்கள் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடுதான் படிப்போம். 1972 அக்டோபர் 1 அன்று நடந்தது ஒரு பாகப்பிரிவினை. வீடு, நிலம், தோட்டம் எல்லாம் அண்ணனுக்கு. வெளியூர் வியாபாரம் மட்டும் தம்பிக்கு. உள்நாட்டுத் தடங்கள் மலேசியாவோடு போயின. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று பறக்க இடமே இல்லை. மேலே எழும்பினால் அடுத்த நாட்டு வானம். கையில் 10 விமானங்கள். போய்வந்தது 18 நாடுகளில் 22 ஊர்களுக்கு.

உள்நாட்டுப் பயணி என்று ஒருவர்கூட இல்லாத நிறுவனம் அது. வருகிற ஒவ்வொருவரும் வேறு ஏதாவது ஒரு விமானத்தை விட்டுவிட்டுத்தான் இதில் ஏற வேண்டும். அப்படி ஏற வைக்க என்ன இருந்தது? கட்டணத்தை மட்டுமல்ல, பயணிக்கு என்ன பரிமாறலாம் என்பதைக்கூட ஐயாட்டா என்ற பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் வரையறுத்துக்கொண்டிருந்த காலம். 1958இல் சாண்ட்விச்சுக்குள் என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று பெரிய விமான நிறுவனங்களுக்குள் தகராறே நடந்திருக்கிறது. சிங்கப்பூர் அந்தச் சங்கத்தில் சேராமல் வெளியே நின்றது. சாதாரண வகுப்பிலேயே பானம் இலவசம், பாட்டுக் கேட்க ஹெட்போன் இலவசம், சாப்பாட்டில் இதுவா அதுவா என்று கேட்டுப் பரிமாறுவது. பெரியவர்கள் விட்டுவைத்த சின்ன இடுக்கில் கால் வைத்து ஏறிய சாமர்த்தியம் இது.

இனி பணிப்பெண்களின் அந்த உடை. பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மெய்ன் 1968இல் வரைந்து கொடுத்த சாரோங் கெபாயா இன்றும் மாறவில்லை. திருத்தணியைச் சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு எல்லாம் தறிச்சத்தத்தில் விழிக்கிற ஊர்கள். கைலி நெய்தே தலைமுறைகள் கழிந்திருக்கின்றன. அப்படித் தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்த ஒரு பெரியவரிடம், சிங்கப்பூரிலிருந்து வந்த நாள்காட்டிப் படம் ஒன்றைக் காட்டினேன். படத்திலிருந்த பணிப்பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு துணியைத்தான் பார்த்தார்.

"இங்க பாரு கண்ணு, முன்பக்கம் ரெண்டு பாதியும் சேர்ற எடம். பூக்கரை கழுத்துல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் எங்கியும் பிசகல. வெட்டறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டிருக்கான். துணி கொஞ்சம் வீணாப் போவும், போவட்டும்னு வெட்டியிருக்கான்."

அவர் சொன்ன பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன். அதே கரை முக்கால் கையின் விளிம்பைச் சுற்றி வந்து முடிகிறது. கீழே சாரோங்கிலும் அதே பூ, அதே நிறம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்கிறார்கள். நிறத்துக்கும் கணக்கு உண்டு: புதிதாகச் சேர்ந்தவருக்கு நீலம், அடுத்த படிக்குப் பச்சை, தலைமைப் பணிப்பெண்ணுக்குச் சிவப்பு, பயணிகளைக் கவனிக்கும் பணியாளர் அனைவரையும் மேற்பார்வையிடுபவருக்கு ஊதா. பயணிக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஏதாவது சிக்கல் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று பணியாளர்களுக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். அழகுக்காகப் போட்ட நிறம் வேலையும் பார்க்கிறது. இப்படி ஒன்றுக்குள் இன்னொன்றை மறைத்து வைக்கும் வடிவமைப்பைத்தான் நான் உயர்ந்தது என்பேன்.

மலாய்க்காரர்கள் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலி ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய சரக்கு. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் துணி போய்வந்த உறவு நீண்டது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்த நுணுக்கத்தையெல்லாம் கட்டிக் காத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜே.ஒய்.பிள்ளை. ஜோசப் யுவராஜ் பிள்ளை. 1934இல் கிள்ளானில் பிறந்தவர், லண்டனில் பொறியியல் படித்தவர், அரசு அதிகாரி. 1972இல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து 1996 வரை இருந்தார். அவர் காலத்தில்தான் போயிங் 747 வந்தது, பயா லேபாரிலிருந்து சாங்கிக்கு விமான நிலையம் மாறியது. விமானங்களை இளமையாகவே வைத்திருப்பது, பழசானால் விற்றுவிட்டுப் புதிது வாங்குவது என்ற வழக்கமும் வேரூன்றியது. விளம்பரங்களில் கெபாயாப் பெண் உலகம் சுற்றினாள். பிள்ளையின் முகம் வெளியே தெரிந்ததே குறைவு. நம்மவர் ஒருவர் இப்படி ஓசைப்படாமல் ஒரு நாட்டின் பெயரை வானத்தில் எழுதியிருக்கிறார் என்பது தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்.

2007 அக்டோபர் 25 அன்று, இரண்டு மாடி ஏ380 விமானத்தை உலகிலேயே முதலில் பயணிகளோடு பறக்கவிட்டதும் இவர்கள்தான், சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. அந்தப் பயணத்தின் இருக்கைகளை ஏலம் விட்டு, வந்த பணத்தை அறப்பணிக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மகனைப் பார்க்கப் போய்வந்த ஒரு பாட்டி இதையெல்லாம் அறியமாட்டார். கிருத்திகை விரதக்காரர், வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கவும் யோசிப்பார். பேரன் முன்கூட்டியே இந்திய சைவச் சாப்பாடு என்று சொல்லி வைத்திருந்தான். மற்றவர்களுக்குப் பரிமாறும் வண்டி நகர்வதற்கு முன்பே, இருக்கை எண் ஒட்டிய தட்டு ஒன்று பாட்டியைத் தேடி வந்துவிட்டது. "நான் கேக்கவே இல்ல, அந்தப் பொண்ணு எனக்குத்தான் மொதல்ல குடுத்துது" என்று அவர் இன்றும் சொல்கிறார். தனியாகச் சொல்லிவைத்த உணவை முதலில் கொடுப்பது பல விமானங்களில் உள்ள நடைமுறைதான். அதைச் செய்த விதத்தில் தனக்குத் தனி மரியாதை என்று பாட்டி உணர்ந்தாரே, அங்கேதான் பயிற்சி தெரிகிறது.

நுணுக்கம் என்பது கெபாயாவோடும் தட்டோடும் நிற்கிற விஷயமல்ல. 2000 அக்டோபர் 31 இரவு, தைப்பேயில் சூறாவளி மழை. 05எல் ஓடுபாதைக்குப் போக வேண்டிய சிங்கப்பூர் விமானம், வேலை நடப்பதால் மூடியிருந்த 05ஆர் பாதையில் புறப்பட்டு, அங்கே நின்ற கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் உயிர் போயிற்று. ஒரே எண், கடைசி எழுத்து மட்டும் வேறு. விமானிகளின் கவனம், பாதை விளக்குகள், குறியீடுகள், தடுப்பு வைக்காதது என்று எல்லாமே விசாரணையில் அலசப்பட்டன. இந்த நிறுவனத்தைப் பாராட்டும்போது அந்த இரவைத் தாண்டிப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. பூக்கரை பிசகினால் ஒரு சட்டை கெடும். அங்கே பிசகியது அப்படிப்பட்டதல்ல.

இப்போது அந்தக் கைப்பக்குவம் நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. டாடாவோடு சேர்ந்து சிங்கப்பூர் நடத்திய விஸ்தாரா, 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஏர் இந்தியாவில் சிங்கப்பூருக்கு இப்போது 25.1 விழுக்காடு பங்கு. பணத்தோடு பழக்கமும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த முறை சென்னையில் ஏர் இந்தியா ஏறும்போது திரையின் அகலத்தையோ இருக்கையின் புதுமையையோ நான் முதலில் பார்க்கப்போவதில்லை. சைவத் தட்டு யாருக்கு, எப்போது, எந்த முகத்தோடு வருகிறது என்று பார்ப்பேன்.