ஒருசாலை மாணாக்கர்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்தது ஜெஞ்சாரோம். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரின் மக்கள், ஒரே பலகையில் அமர்ந்து தமிழ் கற்றவர்கள், இன்று அறுபது வயதைக் கடந்து நிற்கின்றனர். ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. தோட்ட நிலம் பல இடங்களில் வீட்டுமனையாயிற்று. 1957இல் மலாயாவில் 800க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500ஐ ஒட்டிய தொகையாகச் சுருங்கிவிட்டன. உடன் படித்தவர்கள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் கடல் கடந்தும் பிரிந்தனர். இத்தகையோர் முதுமையில் ஒருவரையொருவர் தேடிக் கண்டு, ஒரு பேருந்தில் ஒன்றாகப் பயணம் போவதுண்டு. அப்பயணத்தில் ஏறுவோர் யார், ஏறத் தயங்குவோர் யார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. வழக்கறிஞராக உயர்ந்தவர் தயங்கார். லாரி ஓட்டியே காலந்தள்ளியவர் தயங்குவார். இத்தயக்கத்தை நம் இலக்கியம் நன்கு அறியும்.

உடன் கற்றவனுக்குத் தமிழிலக்கணம் தந்த இடம் மிக உயர்ந்தது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருதற்குரியவர் இன்னார் என்று வகுத்த நன்னூலார், ஆசிரியனை அடுத்து, உடன் கற்றவனையே வைத்தார். தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆனால் ஒருவன் கற்ற வகையை அருகிருந்து கண்டவன் கூறலாம். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. ஒருவன் பெயரும் பதவியும் பெறுமுன் எவ்வாறு இருந்தான் என்பதற்கு உடன் கற்றவனே சான்று.

அச்சான்று பின்னாளில் நேரே வந்து நின்றால் என்ன நிகழும்? இதற்கு விடையாக இரண்டு கதைகள் உள்ளன. ஒன்று பாரதத்தில் துரோணர் துருபதனைக் கண்டது. மற்றொன்று பாகவதத்தில் குசேலர் கண்ணனைக் கண்டது. முன்னதைச் செருக்கின் கேட்டிற்கும், பின்னதைப் பக்தியின் பயனுக்கும் எடுத்துக்காட்டாகக் கூறி விடுவதே வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறொன்று புலப்படும்.

இரண்டு கதைக்கும் தொடக்கம் ஒன்றே. துரோணரின் மகன் அசுவத்தாமன் பாலுக்கு அழுதான்; பிற சிறுவர் மாவைக் கரைத்துப் பாலென்று கொடுக்க, அதனைக் குடித்துவிட்டு ஆடினான். அது கண்டு பொறாத தந்தை பழைய தோழனை நாடிச் சென்றார். குசேலருக்கோ தமிழ்க் காப்பியத்தில் 27 மக்கள். பசி தீர்க்க வழியின்றி மனைவி வேண்டவே அவரும் புறப்பட்டார். இருவரும் வறியவர், இருவரும் மக்களின் பொருட்டுச் சென்றவர், இருவரும் மன்னர் நிலையில் இருந்த உடன் கற்றவரிடம் சென்றவர். முடிவு மட்டும் வேறுபட்டது ஏன்?

துரோணர் பாஞ்சாலன் அவையிற் சென்று, தோழன் வந்தேன் என்றார். நான் அரசனானால் என் செல்வம் உனக்கும் உரியது என்று இளமையில் துருபதன் கூறிய சொல் அவர் நெஞ்சில் இருந்தது. துருபதனோ, ஒத்தாரிடையே அன்றி நட்பு இல்லை என்று கூறி இகழ்ந்தான். அது கொடுஞ்சொல்லே. எனினும், ஒருவன் சொல்லை மறந்தான், மற்றவர் சொல்லை மட்டுமே நினைந்தார் என்பதும் உண்மை. உடன் கற்ற நாட்களெல்லாம் ஒரு கடன் பத்திரமாகச் சுருங்கிவிட்டன. துரோணர் அக்கடனை வட்டியோடு பெற்றார். மாணாக்கரை ஏவித் துருபதனைக் கட்டிக் கொணர்வித்து, கங்கையின் வடகரை நாட்டைத் தமக்கென வைத்துக்கொண்டு, இப்போது ஒத்தாராயினோம் என்றார். அப்பகையின் பயனாகவே திட்டத்துய்மன் பிறந்தான். அவன் கையாலேயே களத்தில் துரோணர் தலை வீழ்ந்தது.

கண்ணன் செய்தது வேறு. வந்தவரைத் தன் கட்டிலில் அமர்த்தி, அடிகளைக் கழுவி, நலம் உசாவினான். அதன்பின் தன் நாட்டைப் பற்றியோ செல்வத்தைப் பற்றியோ பேசினானல்லன். சாந்தீபனி முனிவரிடம் கற்ற நாளில், ஆசிரியர் மனைவி ஏவ விறகு தேடிக் காட்டிற்குச் சென்றதை நினைவூட்டினான். காலமல்லாக் காலத்துப் பெருமழை, இருட்டு, மேடும் பள்ளமும் தெரியாமல் எங்கும் வெள்ளம். இருவரும் கைகோத்து இரவெல்லாம் அலைந்தனர்; விடிந்த பின் ஆசிரியரே தேடி வந்து வாழ்த்தினார். இக்காட்சியிலேதான் கதையின் உயிர் உளது. அம்மழை இருவரையும் ஒருபடித்தாகவே நனைத்தது. ஒத்தாரிடையேதான் நட்பு என்ற துருபதனுக்கு இதுவே விடை. ஒப்புமை இல்லாதபோது, அஃது இருந்த நாளை எடுத்துக்கூறி உண்டாக்கலாம்.

பின்னரே, எனக்கு என்ன கொண்டு வந்தாய் என்று கேட்டு, குசேலர் நாணி மறைத்த அவல் முடிச்சைப் பற்றினான். முதலில் பெற்றவன் செல்வன், கொடுத்தவர் வறியவர். குசேலர் ஒன்றும் கேளாமலே திரும்பினார்.

கண்ணன் இறைவன், ஆதலின் கேளாமலே உணர்ந்தான். மனிதரிடம் இதனை எதிர்பார்க்கலாமோ என்று வினவலாம். அவன் எல்லாம் அறிந்தவன் என்றே பாகவதமும் கூறும். ஆயினும் நரம்பு தெரியும் மேனியையும் கந்தல் ஆடையையும் கண்டறியத் தெய்வக்கண் வேண்டுவதில்லை. பாகவதத்தில் அவருக்குத் தனிப்பெயர் இல்லை. கந்தை உடுத்தவர் என்னும் பொருளுள்ள சொல்லே பின்னாளில் பெயராயிற்று. பெயரே வறுமையைச் சொல்லும்போது வாய் சொல்ல வேண்டியதில்லை.

திருக்குறளின் 81ஆம் அதிகாரமாகிய பழைமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பழகிய நண்பர் உரிமையால் கேளாது ஒன்று செய்தால் அதனை விரும்பி ஏற்க வேண்டும் என்பர் வள்ளுவர். நண்பர் நோகத்தக்கது செய்தால் அறியாமை என்றோ மிக்க உரிமை என்றோ கொள்க என்பர். இவ்வதிகாரத்தில் கடமை யார்மேல் வைக்கப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக் காட்டுதல் நலம். பொறுப்பவன்மேல் வைக்கப்பட்டதேயன்றி, உரிமை கேட்டுப் பெறுவதற்கு அங்குச் சட்டம் இல்லை. துருபதன் முதற்குறையால் தவறினான். துரோணர் பொறாமையால் தவறினார்.

குசேலோபாக்கியானம் வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்தது. அதனை இயற்றியவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்பது உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் விளங்கும். கேளாமற் கொடுத்தவன் கதையைப் பாடிய நூலே தன் பெயரையும் பிறர்க்குக் கொடுத்தது.

ஜெஞ்சாரோம் சாலையில் நிற்கும் பேருந்திற்கு வருவோம். அதில் மக்களின் பட்டமும் வீட்டின் விலையுமே பேச்சாயின், ஏறத் தயங்கியவர் தயங்கியது சரியே. லயத்தின் பின்னே ஒழுகிய கூரையும், மழையில் நனைந்து பள்ளி சென்ற ஒற்றையடிப் பாதையும் முதலில் பேசப்படுமாயின், அவரும் வாய் திறப்பார். பயணச் செலவைப் பங்கிடும்போது அவர் பங்கை இன்னொருவர் செலுத்தலாம். ஆனால் அவர் வீட்டிலிருந்து பொதி கட்டிக் கொண்டுவந்த பலகாரத்தை அதற்கு முன்பே கேட்டு வாங்கி உண்ண வேண்டும்.